நார்தம்பர்லாந்து கிராமம் ஒன்றில் நின்றுபோன பங்கு மடல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் வடகோடியில், செவியட் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் ஆலய வட்டாரத்தின் மாத இதழான பங்கு மடல் அச்சில் நின்று, திரும்ப வந்த கதையை, 2020 முதல் 2024 வரை நடந்தபடி இங்கே பதிகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை. ஆலயக் குழுக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருந்தேன். மற்றதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அச்சு மடலை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஊர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

பின்னணி

ஆலயம், மண்டபம், ஒரு பப், பேருந்து நிறுத்தம். இவற்றைச் சுற்றி எண்பது வீடுகள் போல இருக்கும். இன்னும் அறுபது வீடுகள் பண்ணைகளாகவும் பழைய மேய்ப்பர் குடிசைகளாகவும் குறுகலான சாலைகளின் ஓரம் சிதறிக் கிடக்கின்றன. வீடுகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் ஐந்தாறு பண்ணைகள் வரும். கடை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. தபால் நிலையம் வாரம் ஒருமுறை வேனில் வருகிறது, நூலகமும் அப்படித்தான்.

குருவானவர் ஒருவர், அவர் பொறுப்பில் ஐந்து ஆலயங்கள். ஆங்கிலிக்கன் சபையின் கிராமப்புறப் பங்குகளில் இது சாதாரணம். அதனால் அன்றாட வேலைகள், சபையாரிலிருந்து பொறுப்பேற்ற சர்ச் வார்டன்கள் இருவர் கையிலும் ஆலயக் குழு கையிலும் இருக்கின்றன. இதற்கு வெளியே ஊர்க் கவுன்சில் என்று ஒன்று தனியாக உண்டு. விளையாட்டுத் திடல், நடைபாதை, அறிவிப்புப் பலகை போன்றவை அதன் பொறுப்பு. 1894ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஆலய நிர்வாகத்தையும் ஊர் நிர்வாகத்தையும் பிரித்தது. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைப்பதுண்டு. பணம் யார் கொடுக்கலாம் என்ற கேள்வி பின்னால் வரும்போது இந்தப் பிரிவு முக்கியமாகிறது.

இந்த ஊர்களின் செய்தித்தாள், பங்கு மடல். 1859இல் டார்பி நகரில் ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்ற குருவானவர் பொதுக் கட்டுரைகள் அடங்கிய மாத இதழ் ஒன்றை அச்சிட்டார். எந்தப் பங்கும் அதை வாங்கி, தன் ஊர்ச் செய்தியை வெளியில் சேர்த்துத் தைத்துக்கொள்ளலாம். அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. நான் சொல்லும் ஊரின் மடல், ஏ4 தாளை இரண்டாக மடித்துப் பின் அடித்தது. முதல் பக்கத்தில் குருவானவரின் கடிதம். உள்ளே ஆராதனை நேரங்கள், பூ அலங்காரம் யார் முறை, பித்தளை துலக்குவது யார் முறை, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், பெண்கள் சங்கக் கூட்டம், குப்பை வண்டி எந்தக் கிழமை, நூலக வேன் எத்தனை மணிக்கு. பின்பக்கம் முழுக்க விளம்பரம்: புகைபோக்கி சுத்தம் செய்பவர், குழாய் வேலைக்காரர், அடக்கச் சேவை செய்பவர், சேர்ந்து வாங்கினால் மலிவாக வரும் கணப்பு எண்ணெய்.

1998 முதல் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இதைத் தொகுத்து வந்தார். விநியோகத்துக்கு ஒன்பது சுற்றுகள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தன்னார்வலர், ஆளுக்குப் பதினைந்து வீடுகள் போல. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அட்டை. வீட்டின் பெயர், உள்ளே போகும் வழி, நாய் உண்டா, காசு கொடுத்தாயிற்றா என்று பென்சிலில் எழுதியிருக்கும். அட்டைகள் எல்லாம் ஆசிரியை வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

அச்சு நின்றது

2020 மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவிப்பு வந்தது. ஆலயங்கள் பூட்டப்பட்டன. ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறன்றுகூடக் கதவு திறக்கவில்லை. வீடு வீடாகத் தாள் கொடுப்பதும் நின்றது. மடல் மின்னஞ்சலில் போகத் தொடங்கியது. முகவரி கொடுத்திருந்தவர்கள் அறுபது பேர் சொச்சம். வேறு வழி இல்லாத நேரத்தில் அது நல்ல ஏற்பாடுதான்.

2021 ஜூலையில், மறுபடி அச்சிடுவதா என்ற கேள்வி ஆலயக் குழு முன் வந்தது. ஆசிரியை விலகிக்கொள்ள விரும்பினார், எண்பதைத் தொட்ட இரண்டு விநியோகஸ்தர்களும் அப்படியே. அச்சுக்கூலி ஏறியிருந்தது. புதிதாகப் பொறுப்பேற்க வந்தவர் கணினியில் கெட்டிக்காரர். வண்ணப் படங்களோடு மடல் முன்பைவிட அழகாக வந்துகொண்டிருந்தது. குழு உறுப்பினர்களைக் கேட்ட பிறகு ஊரின் கருத்தையும் கேட்டார்கள். பதில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் மின்னஞ்சலே போதும் என்றார்கள். சரி, இனி மின்னஞ்சல் மட்டும், ஆலய முகப்பிலும் பப்பிலும் மட்டும் சில அச்சுப் பிரதிகள் வைக்கலாம் என்று முடிவானது.

அவசரத்தில் எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் கருத்துக் கேட்டதும் மின்னஞ்சலில்தான். மின்னஞ்சல் இல்லாத வீடுகள் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

கவனித்தவை

ஆகஸ்ட் முதல் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் தெரிந்தன. அறுப்பின் நன்றி விருந்துக்கு வழக்கமாக வரும் பண்ணைக் குடும்பங்கள் சில வரவில்லை. அவர்களுக்குத் தேதியே தெரியாது. முன்னாள் மணியடிப்பவர் ஒருவர் இறந்தார். அவரோடு இருபது வருடம் மணிக் கயிறு இழுத்தவருக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் சேதி போனது. அந்தக் குடும்பத்துக்கும் அவருக்கும் இடையே ஏற்பட்ட வருத்தம் லேசில் ஆறவில்லை.

ஒரு சுற்று மட்டும் நிற்கவில்லை. எழுபதுகளில் இருந்த அம்மா ஒருவர், குழுவின் முடிவுக்குப் பிறகும், தன் வீட்டு அச்சுப்பொறியில் கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து, தன் பதினாறு வீடுகளுக்கும் நடந்து போய்க் கொடுத்துவந்தார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மையின் செலவு அவருடையது.

ஆர்வென் புயல்

2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. வானிலைத் துறை வடகிழக்குக் கடலோரத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. நார்தம்பர்லாந்தின் பிரிஸ்லீ வுட்டில் காற்று மணிக்கு 98 மைல் வேகத்தைத் தொட்டது. இந்தப் பக்கத்து மரங்கள் தென்மேற்குக் காற்றுக்குப் பழகி வேர் ஊன்றியவை. ஆர்வென் வடக்கிலிருந்து அடித்தது. விடிந்து பார்த்தபோது ஊருக்கு வரும் இரண்டு சாலைகளிலும் மரங்கள் குறுக்கே கிடந்தன. பிரிட்டனில் பத்து லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் மின்சாரம் இழந்தன. ஏறத்தாழ 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் திரும்பவில்லை. நம் ஊரின் ஒரு பகுதியும் அந்தக் கணக்கில் சேரும்.

மின்சாரம் போனால் இங்கே என்னென்ன போகும் என்பதை விளக்கியாக வேண்டும். பல வீடுகளில் கணப்பு எண்ணெயில் எரிகிறது, ஆனால் கொதிகலன் பற்றுவதற்கு மின்சாரம் தேவை. சில பண்ணைகளுக்குக் கிணற்று நீர். மோட்டார் நின்றால் குடிநீரும் நிற்கும். கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியின் தாங்கிக்கும் மின்சாரம் வேண்டும். சுவரில் நேராகச் செருகிய பழைய தொலைபேசி மட்டுமே பேசியது, அதை வைத்திருந்தவர்கள் சொற்பம். 105 என்ற மின்தடை எண்ணை அழைத்தால் காத்திருப்பு முடிவதே இல்லை.

சனி காலை, விவசாயியான சர்ச் வார்டன் டிராக்டரும் சங்கிலி ரம்பமும் கொண்டு ஒரு சாலையைத் திறந்தார். மண்டபத்தில் சிலிண்டர் அடுப்பு இருந்ததால் மதியத்துக்குள் சூப் கொதித்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள். வராதவர்கள் யார் என்ற கேள்விக்குத்தான் அங்கே யாரிடமும் பதில் இல்லை. மடலின் மின்னஞ்சல் பட்டியலைத் திறக்க வழி இல்லை; திறந்திருந்தாலும் அதில் முகவரிகள்தான், எந்த வீடு, எத்தனை பேர், யார் தனியாக இருக்கிறார்கள் என்பது அதில் கிடையாது.

அப்போதுதான் தன் சுற்றை விடாமல் நடந்த அந்த அம்மா மண்டபத்துக்கு வந்தார். பதினாறு வீடுகளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். யாருக்கு மூச்சுவிட உதவும் கருவி இருக்கிறது, யார் வீட்டில் விறகு அடுப்பு உண்டு, யாரை இன்றிரவே வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். அவர் கையில் எந்தத் தாளும் இல்லை. அந்த நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்தது, மற்ற எட்டுச் சுற்றுகளிலும் இதைச் சொல்ல ஆள் இல்லை என்று.

முன்னாள் ஆசிரியை பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். 2019ஆம் ஆண்டு அட்டைகள். அதை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் புறப்பட்டார்கள். சில வீடுகள் விடுமுறைக் குடில்களாகி வெறிச்சோடிக் கிடந்தன. சில வீடுகளுக்கு ஆள் மாறியிருந்தார்கள். 2020இல் குடிவந்த இளம் தம்பதி எந்த அட்டையிலும் இல்லை. அவர்கள் வீட்டில் எல்லாமே மின்சாரம். கைக்குழந்தைக்குச் சூடு வேண்டுமென்று காரை ஓடவிட்டு அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். கார் வெளிச்சத்தைப் பார்த்து ஒருவர் போய்க் கேட்டதால் சனி மாலையே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஞாயிறு, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை நடந்தது, மெழுகுவர்த்திக்கு மின்சாரம் வேண்டாமே. முடிந்ததும் குருவானவர் பெயர் பெயராகக் கேட்டு, இன்னும் பார்க்காத வீடுகளை எழுதிக்கொண்டார். அப்படியும் ஒன்று விடுபட்டது. ஒரு சாலையின் கடைசிக் குடிசையில், எண்பது தாண்டிய ஒருவர் தனியாக இருந்தார். அட்டையில் அவர் வீட்டுக்கு நேராக ‘மடல் வேண்டாம்’ என்று ஒரு பழைய குறிப்பு. அந்தக் குடிசையில் அவருக்கு முன் குடியிருந்தவர் எழுதச் சொன்னது. திங்கள் காலை தபால்காரர்தான் அவரைக் கண்டார். மேல்கோட்டோடு படுக்கையில் கிடந்தார், பேச்சு குழறியது. மருத்துவமனையில் உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டார். குளிர்காலம் முடியும்வரை மகள் வீட்டில் இருந்துவிட்டு வசந்தத்தில் ஊர் திரும்பினார். ‘நான் இங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கடைசி வீடுகளுக்கு மின்சாரம் வர அடுத்த சனிக்கிழமை ஆனது.

முடிவுகளும் காரணங்களும்

டிசம்பர் மத்தியில் ஆலயக் குழுவும் ஊர்க் கவுன்சிலும் சேர்ந்து உட்கார்ந்தன. இது இந்த ஊரில் அடிக்கடி நடப்பதில்லை. முதலில் வந்த யோசனை, உதவி தேவைப்படுவோர் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது. 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடல்நிலை பற்றிய விவரம் தனிக் கவனத்துக்கு உரியது. யார் வைத்திருப்பது, எவ்வளவு காலம், யார் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். அது சமாளிக்கக்கூடியதுதான். பெரிய தடை வேறு: அந்தப் பட்டியலில் பெயர் கொடுக்க யாரும் தயாரில்லை. ஒரு மூதாட்டி நேராகவே சொன்னார்: ‘என்னை இயலாதவள் பட்டியலில் போடாதீர்கள். மடலைக் கொண்டுவாருங்கள், கதவைத் திறக்கிறேன்.’

அந்த ஒரு பேச்சு கூட்டத்தின் போக்கையே மாற்றியது. தனிப் பட்டியல் இல்லை என்று முடிவானது. பதிலாக, மின்தடையின்போது கூடுதல் உதவி தேவைப்படுவோருக்காக மின் நிறுவனங்களே நடத்தும் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் சேர விரும்புவோருக்கு உதவுவது. ஊருக்குள் ஒன்பது சுற்றுகளையும் மீண்டும் தொடங்குவது. அட்டைகளை உடனே புதுப்பிப்பது. அச்சு மடலை ஏப்ரலில் கொண்டுவருவது.

அட்டையில் வீட்டின் பெயரும் வழியும் மட்டும் இருக்கும். உடல்நிலை பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. மற்றது நடப்பவரின் தலைக்குள் இருக்கட்டும். அப்படியானால் ஒருவர் மட்டும் ஒரு சுற்றை அறிந்திருப்பது ஆபத்து. அதனால் சுற்றுக்கு இரண்டு பேர், மாறி மாறி நடக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை தபால் துளையில் போடாமல் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும். ‘மடல் வேண்டாம்’ என்ற வீட்டுக்கும் வருடத்தில் இரண்டு தடவையாவது, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும், ஆராதனை நேரம் அச்சிட்ட அட்டையோடு போக வேண்டும். இந்தக் கடைசி விதியை முன்மொழிந்தவர் அந்தத் தபால்காரர்.

பணத்துக்கு வந்தபோது பேச்சு நீண்டது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆலயச் சொத்துக்குக் கவுன்சில் பணம் கொடுப்பதைத் தடுப்பதாகப் பலர் புரிந்துகொண்டிருந்த ஒரு பிரிவு உண்டு. மடல் சொத்தா, நன்கொடை கொடுத்தால் கணக்குத் தணிக்கையில் கேள்வி வருமா என்று கவுன்சிலர்கள் தயங்கினார்கள். கவுன்சிலின் எழுத்தர் நிதானமாக ஒரு வழி சொன்னார். 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 142ஆம் பிரிவு, ஊர் விவகாரம் பற்றிய தகவலை மக்களுக்கு வெளியிடக் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே நன்கொடை வேண்டாம். மடலில் மாதம் இரண்டு பக்கங்களைக் கவுன்சில் விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும். அச்சுக்கூலியில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிட்டது. பிற்பாடு 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்தப் பழைய பிரிவு பற்றிய குழப்பத்தை நீக்கியது. அதற்காகக் காத்திருந்தால் மேலும் இரண்டு குளிர்காலம் போயிருக்கும். இந்த எழுத்தரின் பங்கை யாரும் மேடையில் பாராட்டவில்லை, இங்கேயாவது பதிவாகட்டும்.

நோயுற்றோருக்கான ஜெபப் பட்டியல் பற்றியும் ஒரு விதி வந்தது. முன்பெல்லாம் யாராவது சொன்னால் பெயர் அச்சாகிவிடும். இனி சம்பந்தப்பட்டவரே சம்மதித்தால்தான். ஆலயத்தில் வாய்விட்டு ஜெபிப்பது ஒன்று, நூற்று நாற்பது வீட்டுக்கும் அச்சில் போவது வேறு என்று குருவானவர் சொன்னார்.

பின்விளைவு

அச்சு தொடங்கும் முன்பே சோதனை வந்தது. 2022 ஜனவரி 29 அன்று மாலிக் புயல், மறுநாளே கோரி. மறுபடி மின்சாரம் போனது, ஓர் இரவுக்கு மட்டும். புதுப்பித்த அட்டைகளோடு ஒன்பது சுற்றுகளும் கிளம்பின. இருட்டுவதற்குள் எல்லா வீடும் பார்த்தாயிற்று. அந்த இளம் தம்பதி இம்முறை ஒரு சுற்றை நடந்தார்கள், குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு.

உடனே ஒரு கேள்வி எழுந்தது: அட்டையே போதும்போல, அச்சு எதற்கு? நியாயமான கேள்வி. விடை 2023இல் கிடைத்தது. ஒரு சுற்றின் இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போனார்கள். ஏழு மாதம் அந்தச் சுற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை. மடல் கட்டாகப் பப்பில் கிடந்தது. மீண்டும் ஒருவர் நடந்தபோது, அந்தப் பதிமூன்று வீடுகளில் இரண்டில் ஆள் மாறியிருந்தார்கள், ஒன்றில் மனைவி இறந்து கணவர் தனியாகியிருந்தார். அட்டையில் எல்லாம் பழையபடி. மாதாமாதம் கையில் ஏதோ ஒன்றோடு போய்க் கதவைத் தட்டினால்தான் அட்டை உயிரோடு இருக்கிறது. சும்மா நலம் விசாரிக்க வந்தேன் என்று மாதந்தோறும் ஓர் ஆங்கிலேயர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. மடல் இருந்தால் முடியும்.

ஆராதனைக்கு வருபவர் எண்ணிக்கை இதனால் கூடவில்லை. இப்போதும் பத்துப் பதினைந்து பேர்தான். விளம்பரம் முன்பு இருந்த அளவுக்கு இல்லை. முப்பது வீடுகள் மின்னஞ்சலே வசதி என்கின்றன; அவர்களுக்கு அதுவே போகிறது, அச்சில் வருவதற்கு இரண்டு நாள் முன்பாக. ராணி எலிசபெத்தின் பிளாட்டின விழாவுக்கு 2022 ஜூனில் மண்டபத்தில் நடந்த மதிய விருந்தில், எந்த வருடமும் பார்க்காத முகங்கள் இருந்தன. எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, ‘இந்தம்மா வந்து கொடுத்தார்’ என்று பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார்கள்.

மாற்ற வேண்டியவை

ஒரு வழியை நிறுத்தலாமா என்று கேட்கும்போது, அந்த வழியாகவே போய்க் கேட்க வேண்டும். 2021 ஜூலையில் கடைசி அச்சு மடல் ஒன்றை வீடுகளுக்குக் கொடுத்து, கிழித்துத் தரும் சீட்டில் கருத்துக் கேட்டிருந்தால், முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். மாறாவிட்டாலும், யார் யாருக்கு மின்னஞ்சல் இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

பொறுப்புக் கைமாறும்போது கோப்புகளும் கடவுச்சொற்களும் ஒழுங்காகக் கைமாறின. அட்டைப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. முன்னாள் ஆசிரியை அதைத் தூக்கிப் போடாததால்தான் சனிக்கிழமை பிழைத்தது. இப்போது அட்டைகள் இரண்டு பிரதிகளாக, ஒன்று ஆலய உடைமாற்று அறையிலும் ஒன்று கவுன்சில் எழுத்தரிடமும் இருக்கின்றன.

இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. மடலின் பின்னட்டை உள்பக்கத்தில், மின்சாரம் இல்லாதபோதும் பேசும் பழைய தொலைபேசி உள்ள வீடுகள் அவர்கள் சம்மதத்தோடு அச்சாகின்றன. நாடு முழுவதும் செம்புக் கம்பித் தொலைபேசி 2027 ஜனவரிக்குள் இணைய வழிக்கு மாறுகிறது. மாறிவிட்டால் அந்த வீடுகளின் தொலைபேசியும் மின்சாரத்தோடு சேர்ந்தே போகும். பேட்டரித் துணையோடு இணைப்புத் தரும்படி தொலைபேசி நிறுவனத்திடம் யார் யார் கேட்கலாம் என்று எழுத்தர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை அந்தப் பக்கத்தைக் கூட்டத்துக்குக் கூட்டம் சரிபார்ப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.